மலையடிவாரத் தோட்டத்து வீட்டில் வருஷம் முழுக்க எதைப் பார்ப்பது?

சென்னையில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நீங்கள் இருவரும் தென்காசி மாவட்டத்துக் கடையத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், சின்னதாக ஒரு தோட்டத்து வீடு வாங்கியிருக்கிறீர்கள். மாதத்தில் சில நாள் வந்து தங்குகிறீர்கள். காக்கை, மைனா, வேம்பு, தென்னை தாண்டி எதற்கும் பெயர் தெரியாது என்கிறீர்கள். "புத்தகத்தில் வசந்தம், இலையுதிர் காலம் என்று போட்டிருக்கிறது. இங்கே எப்போது வந்தாலும் ஒன்று வெயில், இல்லாவிட்டால் காற்று. பருவம் மாறுவதை எப்படிக் கண்டுபிடிப்பது, எதைப் பார்ப்பது?" இதுதான் உங்கள் கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்தப் புத்தகத்தை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். அதில் உள்ள நான்கு பருவமும் குளிர்நாட்டுக் கணக்கு. நம் இலக்கணக் கணக்கில் பெரும்பொழுது ஆறு: ஆவணி, புரட்டாசி கார், ஐப்பசி, கார்த்திகை கூதிர், மார்கழி, தை முன்பனி, மாசி, பங்குனி பின்பனி, சித்திரை, வைகாசி இளவேனில், ஆனி, ஆடி முதுவேனில். இது எவ்வளவோ மேல். ஆனாலும் உங்கள் ஊருக்கு ஓரிடத்தில் உதைக்கும். ஆனியும் ஆடியும் கடுங்கோடை என்கிறது அந்தக் கணக்கு. தென்காசிப் பக்கத்திலோ அதுதான் சாரல் காலம், குற்றாலத்தில் குளிக்கக் கூட்டம் அலைமோதுகிற மாதங்கள்.

என்னைக் கேட்டால் உங்கள் இடத்தில் காலத்தைக் காட்டுவது இரண்டு விஷயங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? பக்கத்துக் குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது? வரும்போதெல்லாம் இந்த இரண்டையும் முதலில் குறித்துவிடுங்கள். பறவை, பூச்சி, மரம் எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் காரணம் கிடைக்கும்.

காற்றுக் கணக்கு எளிது. ஜூன் முதல் வாரத்தில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அந்தக் காற்று மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது மழையைக் கொட்டிவிட்டு, நம் பக்கம் வறண்டு இறங்கும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி அதனால்தான் அப்போது காய்கிறது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலை தாழ்ந்து கிடக்கிறது. அந்த இடைவெளி வழியாக மேகம் இந்தப் பக்கம் கசிந்துவிடும். குற்றாலம், செங்கோட்டை, தென்காசிக்கு அதுதான் சாரல். கிழக்கே ஆலங்குளம் பக்கம் போய்விட்டால் சாரல் இல்லை, வெறும் காற்று மட்டும்தான். அந்த வழியில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கும் இதுவே காரணம். நீங்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். சில நாள் சாரல் எட்டும், சில நாள் மலை முகட்டில் வெள்ளை மேகம் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதோடு சரி.

சாரல் காலத்தில் காலை ஒன்பது மணிக்குள் மேற்கே மலைப்பக்கம் பாருங்கள். சூரியன் கிழக்கே தாழ்வாக இருக்க, மலையில் தூறல் விழுந்தால் வானவில் அந்தப் பக்கம்தான் வரும். ஐப்பசியில் இது தலைகீழாகும். மழை கிழக்கிலிருந்து வரும். மாலை வெயில் மேற்கிலிருந்து அடிக்கும். வானவில்லும் கிழக்கே போய்விடும். பருவக்காற்று திரும்பிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது. கருவி எதுவும் வேண்டாம்.

ஆனி, ஆடியில் தோட்டத்துக்குள் பார்க்க வேண்டியது வேம்பு. பழம் மஞ்சளாகி உதிரும். பகலில் மைனா, கொண்டைக்குருவி, குயில் எல்லாம் வரும், இரவில் வௌவால். காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடும் கதை எல்லோருக்கும் தெரியும், கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. இந்தச் சமயத்தில்தான் பார்க்க முடியும். காக்கையின் முன்னால் சிறகை நடுக்கிக்கொண்டு வாயைப் பிளந்து கத்துகிற குஞ்சு ஒன்று, நிறத்திலும் அளவிலும் காக்கைக்குப் பொருந்தாமல் தெரிந்தால், கொஞ்சம் நின்று பாருங்கள். ஆவணிக்கு மேல் குயில் ஊரைவிட்டுப் போய்விட்டது என்று சிலர் சொல்வார்கள். அது எங்கும் போவதில்லை. இனப்பெருக்கம் முடிந்ததும் கூவுவதைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கிணற்றுக்கு மேல் சாய்ந்த பனையோ ஈச்சமரமோ இருந்தால் தூக்கணாங்குருவி கூடு கட்டுகிறதா என்று பாருங்கள். அதன் காலம் மழையையும் பயிரையும் ஒட்டி முன்பின் ஆகும். ஆணுக்கு அப்போது தலையும் மார்பும் பளிச்சென்று மஞ்சளாகியிருக்கும். நெல் தாளையும் பனையோலையையும் நாராகக் கிழித்து வந்து ஆண்தான் முடையும், அதுவும் பாதிவரைதான். பிறகு பெண் வந்து உள்ளே புகுந்து சோதிக்கும். பிடித்திருந்தால்தான் நீளக் குழாய் வைத்து முடிக்கிற வேலை. பிடிக்காத கூடு அரைகுறையாகவே தொங்கும். ஒரு பனையில் எத்தனை முழுக் கூடு, எத்தனை அரைக் கூடு என்று எண்ணினாலே அந்த வருஷத்து மாப்பிள்ளைகளின் நிலவரம் தெரிந்துவிடும். ஒரு கூடு முடிந்ததும் அந்த ஆண் அடுத்த கூட்டை ஆரம்பித்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கும்போதே வலசைப் பறவைகளில் முந்திக்கொள்பவை வந்துவிடும். கடனாநதியோ ராமநதியோ, அணைக்குக் கீழே பாறையும் ஓடுநீரும் இருக்கும் இடத்தில் வாலை ஆட்டிக்கொண்டே நடக்கும் மெலிந்த பறவை சாம்பல் வாலாட்டி. இமயமலைப் பக்கமும் அதற்கு வடக்கேயும் குஞ்சு பொரித்துவிட்டு வந்திருக்கும். கருப்பு வெள்ளையில் கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவத்தோடு இருப்பது வேறு. அது இந்த ஊர் வாலாட்டி, வருஷம் முழுவதும் இருக்கும். மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக உட்காரத் தொடங்குவதும் இதை ஒட்டித்தான்.

அப்புறம் புரட்டாசி. காற்று ஓயும். "புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும்" என்பது இந்த மாதத்துக்குக் கச்சிதமான வாக்கு. பகல் புழுங்கும், சாயங்காலம் இடி இடிக்கும். வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் நீண்ட நாள் தங்க முடியும் என்றால், நான் புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசி பாதிவரை இருங்கள் என்றுதான் சொல்வேன். எல்லோரும் சாரலுக்கு வருவார்கள். பூச்சியும் தவளையும் பார்க்கிறவன் மழை திரும்புகிற இந்த நேரத்துக்குத்தான் வருவான்.

முதல் கனமழை இரவில் வயல் பக்கம் போய்க் கேளுங்கள். கோடையில் மண்ணுக்குள் ஒடுங்கிக் கிடந்த பெரிய தவளைகள் வெளியே வந்திருக்கும். பழுப்பும் பச்சையுமாக இருந்த ஆண் தவளை எலுமிச்சை மஞ்சளாக மாறியிருக்கும். கத்தும்போது தொண்டையின் இருபுறமும் நீலப் பைகள் உப்பும். பார்த்தவர்கள் இது வேறு ஏதோ வெளிநாட்டுத் தவளை என்று நினைப்பதுண்டு. அந்த நிறம் அதிக நாள் நிற்காது, இனச்சேர்க்கை முடிந்ததும் மங்கிவிடும்.

மழை விட்ட பொழுதில் ஈசல், அதாவது சிறகு முளைத்த கரையான், கிளம்பும். புற்றிலிருந்து ஈசல் வரும் இடத்தைச் சுற்றி யார் யார் கூடுகிறார்கள் என்று பாருங்கள்: கரிச்சான், மைனா, காக்கை, ஓணான், தேரை, சில சமயம் பருந்துகூட. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் ஈசலை அரிசியோடு வறுத்துத் தின்ற கதையும் கிடைக்கும். ஈரத் தரையில் சிவப்பு வெல்வெட் துணியைக் கிள்ளிப் போட்டதுபோல ஊர்வது தம்பலப்பூச்சி. கால்களை எண்ணுங்கள், எட்டு இருக்கும். சிலந்தி, உண்ணி குடும்பத்தைச் சேர்ந்தது. கரையானைத் தின்று வாழ்வதால்தான் ஈசல் கிளம்பும் மழையோடு இதுவும் தலைகாட்டுகிறது. மற்ற நாளெல்லாம் மண்ணுக்குள்தான். பெட்டியில் பிடித்து வைக்க வேண்டாம், செத்துப்போகும்.

இதே நாட்களில் திறந்தவெளியில் தட்டான் கூட்டம் கூட்டமாகப் பறக்கும். தாழப் பறந்தால் மழை என்று சொல்லி வளர்ந்திருக்கிறோம். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை மஞ்சள் உடம்புக்காரத் தேசாந்திரித் தட்டான்கள். மாலத்தீவில் வசித்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், நன்னீரே சரியாக இல்லாத அந்தத் தீவுகளுக்கு ஒவ்வொரு அக்டோபரிலும் இவ்வளவு தட்டான்கள் எங்கிருந்து வருகின்றன என்று தேடப் போனார். இவை இந்தியாவிலிருந்து காற்றோடு கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவரை போகின்றன என்ற முடிவை 2009-ல் வெளியிட்டார். உங்கள் களத்து மேட்டின் மேல் சுற்றுவதில் எது அப்படிப் போகப்போகிறது என்று சொல்ல முடியாது. ஆனால் தேதியைக் குறித்துவைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

பட்டாம்பூச்சிகளுக்கும் ஒரு போக்குவரத்து உண்டு. நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்றவை தென்மேற்கு மழைக்கு முன்னால் மேற்கு மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கும் கிழக்கு மலைகளுக்கும் போகும். அக்டோபர், நவம்பரில் மேற்கே திரும்பும். வேலியோரம் கிலுகிலுப்பைச் செடியும் தேள்கொடுக்கும் இருந்தால் வெட்டாமல் விடுங்கள். ஆண் பூச்சிகள் அந்தச் செடிகளின் காய்ந்த பாகத்தை மொய்த்து, இனச்சேர்க்கைக்கு வேண்டிய ரசாயனத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதே வேலியில் செங்காந்தள் ஏறினால் அதையும் விடுங்கள். கிழங்கில் மட்டும் கை வைக்காதீர்கள், கடுமையான விஷம்.

ஐப்பசியில் தோட்டத்தின் சருகு மூலையில் ஆறுமணிக்குருவி வந்து சேரும். இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் இரவில் பறந்து வருகிற பறவை. முதுகு பச்சை, தோளில் நீலம், வயிற்றடியில் சிவப்பு. களைத்துப்போய் வீட்டுக்குள் வந்து விழுவதும் நடக்கும். அப்படி விழுந்தால் ஓர் அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து, காலையில் திறந்துவிட்டால் போதும். விடியும் நேரத்திலும் பொழுது சாயும்போதும் இரட்டை விசில் கேட்கும். ஒரே மூலையில் அடுத்தடுத்த நாள் கேட்டால் சித்திரைவரை உங்கள் தோட்டத்தில்தான் இருக்கப்போகிறது. அது சருகைப் புரட்டித்தான் புழு தின்னும். ஆகவே தோட்டத்தைச் சுத்தமாகக் கூட்டி எரிக்கிற சென்னைப் பழக்கத்தை அந்த மூலையிலாவது விட்டுவிடுங்கள்.

"கர்ணனுக்கு மிஞ்சிய கொடையும் இல்லை, கார்த்திகைக்கு மிஞ்சிய மழையும் இல்லை" என்பார்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் கணக்கு தப்புகிற வருஷமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், மார்கழி பிறக்கிற நேரத்தில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பெய்தது. தாமிரபரணிக் கரையெல்லாம் வெள்ளம். அதனால் பழமொழியைக் கேளுங்கள், தேதியையும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மார்கழி, தையில் குளம் நிறைந்திருக்கும், பிசானம் என்கிற மழைக்காலப் போகத்து நெல் வயலில் நிற்கும். இனிமேல் கோடைவரை குளத்துக்கரைதான் உங்கள் இடம். இங்கே தண்ணீரின் ஆழம்தான் யார் வருவது என்பதை முடிவு செய்கிறது. நிறைந்த குளத்தில் நீர்க்காகம், கூழைக்கடா, நடுத்தண்ணீரில் மிதக்கும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்துகள். மாசி, பங்குனியில் தண்ணீர் முழங்காலளவு ஆகும்போது நீர்க்காகம் குறைந்து, நெடுங்கால் உள்ளானும் கொக்கு வகையும் பெருகும். இன்னும் வற்றி, மீன்கள் குட்டையில் மாட்டிக்கொள்ளும் சில நாட்களில் நாரைகள் கூட்டமாக வந்து இறங்கும். பிறகு சேறு, சேற்றில் நீண்ட அலகைக் குத்தித் தேடும் உள்ளான்கள். கடைசியில் குளம் வெடித்துக் காய்ந்தபின், அந்தக் கட்டாந்தரையிலேயே ஆட்காட்டிக் குருவி முட்டையிடும். வெயில் தாங்காதபோது வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். ஒரே குளத்தை, ஒரே கரையிலிருந்து, ஒவ்வொரு மாதமும் பார்த்தால் இந்த முழு நாடகமும் கிடைக்கும். பத்துக் குளத்துக்குக் காரில் ஓடினால் கிடைக்காது.

ஒரே ஒரு விதிவிலக்கு: கூந்தன்குளம் போய் வாருங்கள். நாங்குநேரி வட்டத்தில், 1994-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர்க்குளம். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்து மரங்களில் மட்டுமில்லாமல் ஊருக்குள் வீட்டோரத்து மரங்களிலும் கூடு வைக்கும், ஊரார் தொந்தரவு செய்வதில்லை. மத்திய ஆசியாவிலிருந்து வரித்தலை வாத்தும் குளிர்காலத்தில் வரும்.

தை மாதம் சாயங்காலங்களில் சூறைக்குருவிக் கூட்டத்தைத் தேடுங்கள். ரோஜா நிற உடம்பு, கருப்புத் தலை. மத்திய ஆசியப் புல்வெளியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து பல மாதம் தங்குகிற மைனா இனம். அடையும் முன் குளத்துக்கு மேல் கூட்டமாகச் சுழன்று திரும்பும். வயலில் பூச்சியும் தின்னும், சோளமும் தின்னும். விவசாயியின் கருத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாசி, பங்குனியில் உங்கள் சென்னைப் புத்தகத்தின் "இலையுதிர் காலம்" ஒருவழியாக வரும், ஆனால் குளிரினால் அல்ல. புங்கை, மருதம், இலுப்பை எல்லாம் சில வாரத்தில் இலையைக் கொட்டும், உடனே தளிர்விடும். மழை முடிந்து, மண் காய்ந்து, வெயில் ஏறுகிற நேரத்தில் இவ்வளவு இளந்தளிரா என்று யாருக்கும் தோன்றும். ஆழ வேருக்குத் தண்ணீர் கிடைக்கிறது என்பது ஒரு பாதி பதில். மறு பாதி பூச்சி. முதுமலைக் காட்டில் கே.எஸ்.முரளியும் ரா.சுகுமாரும் ஆய்ந்து 1993-ல் வெளியிட்டதில், மழைக்கு முன்பே தளிர்த்துவிடும் மரங்களைப் பூச்சிகள் குறைவாகத் தின்கின்றன, மழையோடு தளிர்ப்பவை அதிகம் அடிபடுகின்றன என்று கண்டார்கள். புழுக்கள் பெருகுவதற்குள் இலை முற்றிவிடுகிறது. உங்கள் புங்கையில் நீங்களே சரிபார்க்கலாம்: பங்குனித் தளிரில் எத்தனை இலையில் ஓட்டை, மழைக்குப் பின் வந்த தளிரில் எத்தனை என்று.

இலுப்பை பூக்கும்போது விடியுமுன் எழுந்து மரத்தடிக்குப் போங்கள். இரவெல்லாம் வௌவால் வந்து போயிருக்கும், சதைப்பற்றான பூக்கள் தரையில் சிதறிக் கிடக்கும். பகலில் "டொக், டொக்" என்று நிறுத்தாமல் அடிக்கிற சத்தம் செம்மார்புக் குக்குறுவான். வெயில் ஏற ஏற அதன் குரலும் ஏறும். ஆலோ அத்தியோ பழுத்திருக்கும் மரத்தில் தேடினால் கிடைக்கும். சித்திரையில் கொன்றை, நுங்கு, கோடைமழை. சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோடைமழைக்குப் பின் ஓடைப் பக்கம் மின்மினி பார்க்க வேண்டுமென்றால் வாசல் விளக்கை அணைத்துவிட வேண்டும், அதுதான் முக்கியம்.

எழுதுவதற்கு ஒரு சாதாரண நோட்டு போதும். ஆங்கிலத் தேதியோடு தமிழ்த் தேதியும் போடுங்கள். நம் மாதங்கள் சூரியக் கணக்கு என்பதால் பருவத்தோடு நிலையாக ஒட்டி நிற்கும், ஊர்க்காரர்களோடு பேசவும் அதுதான் வசதி. காற்றுத் திசை, குளத்துத் தண்ணீர் மதகில் எந்தப் படிவரை, ஒரே மரத்தில் தளிரா, பூவா, காயா, புதிதாகக் கேட்ட குரல். இவ்வளவு போதும். பெயர் தெரியாவிட்டால் "மஞ்சள் வயிறு, வாலாட்டுகிறது" என்று எழுதுங்கள், பெயர் பிறகு வரும். மரங்களைத் தொடர்ந்து பார்த்துப் பதிவு செய்ய சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது. பறவைகளைப் பதிவு செய்ய இபேர்ட் (eBird) என்ற இணையதளம். 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள், கால் மணி நேரம் உங்கள் முற்றத்தில் நின்று எண்ணினாலே கலந்துகொள்ளலாம். 8×42 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். கேமரா இப்போதைக்கு வேண்டாம். கையில் கேமரா இருந்தால் படம் எடுப்போமே தவிரப் பார்க்க மாட்டோம் என்பது என் அபிப்பிராயம். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடாதீர்கள், கூடு வைக்கும் காலத்தில் அதற்கு வீண் அலைச்சல்.

இன்னொன்று. உங்கள் தோட்டத்துக்குப் பின்னால் தெரிவது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் மலை. அடிவாரத் தோப்புகளுக்குக் காட்டுப்பன்றி வரும், பழம் பழுக்கும் காலத்தில் கரடி வரும், யானையும் வரலாம். பொழுது சாய்ந்தபின் மலையோரத் தோப்பில் நடக்க வேண்டாம். தவளை பார்க்கப் போகும் இரவில் டார்ச்சும் காலை மூடும் செருப்பும் கட்டாயம், கூட ஊர் ஆள் ஒருவர் இருக்கட்டும். பாபநாசம், காரையாறு பக்கம் ஆற்றோரப் பறவை பார்க்கப் போவதாக இருந்தால் ஆடி அமாவாசை வாரத்தைத் தவிருங்கள். சொரிமுத்து அய்யனார் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் வண்டி நகராது, பறவையும் கிடைக்காது.